தென்னாப்பிரிக்காவை விளையாட்டுலகம் ஒதுக்கி வைத்தது நிறவெறி ஆட்சி ஒழிய உண்மையில் உதவியதா? விளையாட்டில் அரசியலைக் கலந்தது சரியா?

உதவியது என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தவர்கள் புறக்கணிப்பைக் கோரியவர்கள் அல்லர். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, குடியிருப்பு, பள்ளி, கடற்கரை என அனைத்தையும் நிறத்தின்படி பிரித்தது. வெள்ளையரும் மற்றவர்களும் தனித்தனியாகவே விளையாட வேண்டும், நாட்டின் அணியில் கலப்பு கூடாது என்று உள்துறை அமைச்சர் டோங்கஸ் 1956இல் வெளிப்படையாகவே அறிவித்தார். ஆகவே அந்த நாட்டின் வெள்ளையர் அணியோடு ஆடியவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்த அறிவிப்புக்குக் கட்டுப்பட்டே ஆடினார்கள்.

இதை உலகத்துக்கு ஐயமின்றிப் புரியவைத்தது கிரிக்கெட் வீரர் பேசில் டி ஒலிவேராவின் கதை. கேப் டவுனில் பிறந்து, கலப்பினத்தவர் என்று அரசால் வகைப்படுத்தப்பட்ட அவருக்குத் தாய்நாட்டு அணியின் கதவு என்றுமே திறக்காது என்பதால், 1960இல் இங்கிலாந்து சென்று, பின்னர் அந்நாட்டு அணியிலேயே இடம்பிடித்தார். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன்கள் குவித்த பிறகும், அடுத்த சில நாள்களில் அறிவிக்கப்பட்ட தென்னாப்பிரிக்கப் பயண அணியில் அவர் பெயர் இல்லை. இங்கிலாந்தில் எழுந்த கண்டனத்துக்குப் பின், டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகியபோது அவர் சேர்க்கப்பட்டார். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர், இது நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி என்று சொல்லி ஏற்க மறுத்தார், பயணமே ரத்தானது. ஒரே ஒரு வீரரின் தோல் நிறத்துக்காகத் தொடர் முழுவதையும் கைவிடத் துணிந்த அரசோடு, விளையாட்டு வேறு அரசியல் வேறு என்று யாரும் இனி வாதிட முடியாமல் போனது. 1970இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வரவிருந்த பயணத்தைப் பீட்டர் ஹெய்ன் தலைமையிலான போராட்டக்காரர்களின் எதிர்ப்பு தடுத்து நிறுத்தியது. அதன் பின் 1992 வரை அந்நாட்டு அணி ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை.

இந்தப் போராட்டம் லண்டனில் பிறந்ததன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஆசிரியரும் கவிஞருமான டென்னிஸ் புரூட்டஸ் உள்ளிட்டோர் தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இதைத் தொடங்கினர். 1963இல் கைதான அவர், தப்ப முயன்றபோது ஜோகன்னஸ்பர்க் வீதியில் சுடப்பட்டு, ராபன் தீவில் சிறைப்பட்டார். அவர்களது இயக்கத்தின் கோரிக்கைகளால்தான் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அந்நாடு விலக்கப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் குழுவிலிருந்தே நீக்கப்பட்டது. புரூட்டஸுக்குப் பிறகு அந்தப் பணியை நாடுகடந்து நின்று முன்னெடுத்தவர் டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாம் ராம்சாமி.

சென்னைவாசிகளுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. 1974இல் சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய டென்னிஸ் அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆட்டமின்றியே அவர்களுக்குச் சென்றது. இந்தியா இன்றுவரை அக்கோப்பையை வென்றதில்லை என்பதை நினைத்தால், அந்த வீரர்கள் இழந்தது எவ்வளவு என்பது புரியும். இருந்தும் அம்முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். இதற்கு நேர்மாறாக, 1982 பிப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்டுக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர, அதே ஆண்டு இறுதியில் பணத்துக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற அணியை வழிநடத்தி 25 ஆண்டுத் தடைக்கு ஆளானார்.

விளையாட்டு மட்டுமே அந்த ஆட்சியை வீழ்த்தியது என்று நான் சொல்லவில்லை. கறுப்பின மக்களின் எழுச்சியும், தொழிற்சங்கங்களும், பொருளாதாரத் தடைகளும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் ரக்பியும் கிரிக்கெட்டும் வெள்ளையர் வாழ்வில் உயிராகக் கருதப்பட்டவை. சட்டமும் பொருளாதாரமும் தொடாத வீடுகளுக்குள்ளும் அந்த இழப்பு சென்று சேர்ந்தது. 1992 மார்ச் 17 அன்று சீர்திருத்தம் தொடரலாமா என்று வெள்ளையரிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, அவர்களது அணி ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்தது. 'வேண்டாம்' என்று முடிவானால் பழைய தனிமை திரும்பும் என்பது பிரசாரத்திலேயே பேசப்பட்டது. 68.7 சதவீதம் பேர் 'ஆம்' என்றனர்.

நான்கே டெஸ்டுகளோடு முடங்கிய பேரி ரிச்சர்ட்ஸ் போன்றவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. அவருடைய இழப்பு உண்மையானதுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு டெஸ்ட் கூட ஆட அனுமதிக்கப்படாதவர்களின் கணக்கை யார் எழுதுவது? 1963இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்ற பப்வா சூகோலம், இந்தியர் என்பதால் மனமகிழ் மன்றத்துக்குள் அனுமதிக்கப்படாமல், மழையில் நின்றே கோப்பையைப் பெற்றார். தடை நீங்கியபின், வெள்ளையர் அல்லாத ஓமர் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடக் களமிறங்கியபோது அவருக்கு வயது 40.