ஊர் மளிகைக்கடையில் வங்கிப் பணம்: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் ஒரு வங்கியின் கிராம முகவர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு சிங்கப்பூர் வந்தவன் நான். ஊர்க் கடைக்காரரே வங்கியின் முகவராக இருந்து பணம் தரும் ‘மினி பேங்க்’ பற்றி இங்கே பலரும் கேட்பதற்கு என் பதில்கள்.

துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அம்மா கணக்குக்கு அனுப்பும் பணத்தை அவர் ஊர் மளிகைக்கடையில் ரேகை வைத்து எடுக்கிறார். சில நாள் கடைக்காரர், “காசு இல்லை, நாளைக்கு வாங்க” என்கிறார். என் பணம் எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை தம்பி, அம்மா கணக்கில்தான் இருக்கிறது. கடையில் இருப்பது வங்கி வைத்த நோட்டு இல்லை. அம்மா 5,000 ரூபாய்க்கு ரேகை வைத்ததும் அவர் கணக்கில் அது குறைந்து கடைக்காரர் கணக்கில் ஏறும். கையில் தருவது கடைக்காரரின் சொந்தக் காசு. முதியோர் உதவித்தொகை ஏறும் நாளில் பத்துப் பேர் எடுத்தாலே கல்லா காலி. அதை நிரப்ப அவர் கடையைப் பூட்டிவிட்டு டவுன் வங்கிக்குப் போய் வர வேண்டும். கிடைக்கும் கமிஷனோ ஒரு முறைக்குச் சில ரூபாய்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள். அம்மாவை மாலையில் போகச் சொல்லுங்கள், அன்றைய வியாபாரக் காசு சேர்ந்திருக்கும்.

காக்கி புக்கிட்டிலிருந்து ஒருவர்: எடுக்கும்போதெல்லாம் 20 ரூபாய் பிடித்துக்கொள்கிறாரே, சரியா?

தவறு. ரிசர்வ் வங்கி இந்த முகவர் முறைக்கு 2006-ல் அனுமதி தந்தது. 2009 நவம்பரில் மளிகை, மருந்து, ரேஷன் கடைக்காரர்களையும் சேர்த்தது. முகவருக்குக் கூலி கொடுப்பது வங்கி. வாடிக்கையாளரிடம் அவர் நேரடியாக வாங்கக் கூடாது.

ஜூரோங்கிலிருந்து ஒரு தங்கை: “ரேகை விழவில்லை” என்று பாட்டியை மூன்று முறை வைக்கச் சொன்னாராம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம்தான். உண்மையிலேயே ரேகை விழாமல் போவதுண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் பணம் எடுத்துவிட்டு, ஒரு முறைக்கு மட்டும் கொடுத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. “விழவில்லை” என்றால் அதற்கும் ரசீது கேட்க வேண்டும், மீதியையும் பார்க்க வேண்டும். அப்புறம், நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று: பாட்டியின் கணக்கில் நம்முடைய பழைய இந்திய கைபேசி எண்ணைக் கொடுத்திருப்போம். அந்த சிம் செத்துப்போயிருக்கும், பணம் எடுத்ததாக வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ் யாருக்கும் போகாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இயந்திரக் கோளாறால் கணக்கில் குறைந்து காசு கைக்கு வராவிட்டால் 5 நாளில் திரும்ப ஏற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448-ஐ அழையுங்கள்.

தேக்காவில் கடை வைத்திருக்கும் அக்கா: இங்கே ஏன் இப்படி இல்லை?

மூலைக்கு மூலை ஏடிஎம் இருப்பதால் தேவை குறைவு. ஆனால் வேறு வேலை நடக்கும் இடத்திலேயே வங்கியையும் நடத்தும் யோசனை புதிதல்ல அக்கா. நம் பிஓஎஸ்பி, 1877-ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகத் தொடங்கியதுதானே?

உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர்: கட்டட வேலை செய்த அப்பாவுக்கு ரேகை தேய்ந்துவிட்டது. என்ன வழி?

முகவரிடம் கார்டு போடும் மைக்ரோ ஏடிஎம் என்ற சின்ன இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கி தரும் ரூபே ஏடிஎம் கார்டும் பின் எண்ணும் போதும். பின் எண்ணை அப்பாவே அழுத்த வேண்டும், கடைப் பையனிடம் சொல்லக் கூடாது.