ஜவுளிக்கடை வேலையும் பருவத் தேர்வும்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு, காலைச் சுழற்சியில் படிக்கிறேன். கல்லூரி ஒன்றரை மணிக்கு முடிந்ததும், மாலை 3 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் ஆறு நாள் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக நிற்கிறேன். நிதிக் கணக்கியலில் அரியர் விழுந்துவிட்டது. என் சம்பளம் வீட்டுக்குத் தேவை. வேலையை விடுவதா, அஞ்சல்வழிக் கல்விக்கு மாறுவதா? – மாணவர் ஒருவர், திருச்சி.

பதில்: இரண்டும் வேண்டாம் என்றே சொல்வேன். வணிகவியல் மாணவர் என்பதால் முதலில் நேரத்துக்கே ஒரு வரவுசெலவு போட்டுப் பார்ப்போம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உறக்கத்துக்கு 49, கல்லூரிக்கு 25, கடைக்கு 36, பயணம், குளியல், சாப்பாடு ஆகியவற்றுக்கு 30 என்று கழித்தாலும் 28 மணி நேரம் கையில் நிற்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி, ஆறு மணி நேரம் நின்று கால் கடுத்த பிறகு, இரவு பத்து மணிக்குத்தான் கிடைக்கிறது என்பதே சிக்கல். (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டம் திருத்தப்பட்டது, உங்கள் கடையில் அந்த நாற்காலி இருக்கிறதா?) கோட்பாட்டுத் தாள்களைக் களைப்போடும் படிக்கலாம்; இருப்புநிலைக் குறிப்பைத் தூக்கக் கலக்கத்தில் சமன் செய்ய முடியாது. எனவே கணக்குகளை விடியற்காலை ஒரு மணி நேரத்துக்கும், வேலையில்லாத அந்த ஒரு நாளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். அஞ்சல்வழியில் இந்தப் பாடத்தை ஆசிரியர் துணையின்றிப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

இதைவிடப் பெரிய மோதல் கடையின் நாட்காட்டிக்கும் கல்லூரியின் நாட்காட்டிக்கும் இடையில் இருக்கிறது. ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி தொடங்குகிறது. அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் தீபாவளிக் கூட்டம் வந்துவிடுகிறது. அந்தக் கூட்டம் கலையும்போது நவம்பர் பருவத் தேர்வு வாசலில் நிற்கிறது. ஆகவே அந்தப் பருவத்தின் கணக்குப் பாடங்களைச் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு கடையில் நெரிசல் குறையும் என்பதால், கல்லூரி விதிகள் இடம் கொடுத்தால் அரியர் தாளை ஏப்ரலில் எழுதுவது நல்லது. 75 விழுக்காடு வருகைப் பதிவையும், பெரும்பாலான கல்லூரிகளில் 25 மதிப்பெண் பெறும் அகமதிப்பீட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கைவிடாதீர்கள். அரியர் மாணவர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நீங்கள் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அது வந்தால், வாரத்தில் ஒரு நாள் வேலையைக் குறைத்தாலும் வீட்டுக்குப் போகும் பணம் அவ்வளவாகக் குறையாது. தேர்வுக்கு முந்தைய பத்து நாள் விடுப்பை மட்டும் ஆடி பிறக்கும் முன்பே முதலாளியிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் போய்க் கேட்டால் எந்த ஜவுளிக்கடைக்காரரும் தரமாட்டார்.