கடலோரப் புழுக்கத்தில் முட்டைக்கும் கறிக்கும் எந்தக் கோழி? – கேள்வி பதில்

கேள்வி (நாகப்பட்டினம்): ஐயா, கொல்லையில் 20 கோழி வளர்க்கப் போகிறோம். முட்டையும் வேண்டும், கறிக்கும் ஆகவேண்டும். வனராஜாவா, கிராமப்பிரியாவா?

பதில்: உங்கள் ஊருக்குக் கிராமப்பிரியா. இரண்டுமே ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கியவைதான். கொல்லையில் மேயவிட்டால் வனராஜா ஆண்டுக்கு 100 முதல் 110 முட்டை இடும். கிராமப்பிரியா 160 முதல் 180 வரை போகும். ஆறு மாதத்தில் வனராஜாப் பெட்டை 2 கிலோவைத் தாண்டிவிடும். கிராமப்பிரியா 1.6 – 1.8 கிலோவில் நிற்கும்.

கடலோரத்தில் வனராஜாவின் அந்தக் கூடுதல் எடைதான் வினை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து இளைத்து, மூச்சில் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. தர்மபுரியின் வறண்ட வெயிலில் சமாளிக்கும் கனத்த கோழி, உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அதைவிடக் குறைந்த வெயிலிலேயே சுருண்டுவிடும். உடம்பு பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறைகிறது; சூடு வெளியேற வழி குறுகுகிறது.

கறிதான் முக்கியம் என்றால் வனராஜாவையே எடுங்கள். ஆனால் சேவல்கள் சித்திரைக்கு முன் விற்றுத் தீரும்படி கணக்குப் பார்த்துக் குஞ்சு இறக்குங்கள். பெட்டைக்கு அளவாகத் தீனி வையுங்கள். கொழுத்தால் முட்டை குறையும்.

கேள்வி (கடலூர்): வெயில் காலத்தில் முட்டை ஓடு தாள் மாதிரி ஆகிவிடுகிறது. கிளிஞ்சல் வைத்தும் பயனில்லையே?

பதில்: சுண்ணாம்புச்சத்து மட்டும் போதாது. கோழி மூச்சிளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் கார்பனேட் குறைந்துவிடும். ஓடு என்பதே கால்சியம் கார்பனேட். பாதிப் பொருள் இல்லாமல் எப்படிக் கட்டும்? போதாக்குறைக்கு வெயிலில் தீனியும் குறையும்.

தீனியைக் காலை 5 – 6 மணிக்கும் மாலை 5 மணிக்குப் பிறகும் வையுங்கள். தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். காலை 10 மணிக்கு வயிறு நிரம்பினால் அந்தச் சூடு உச்சி வெயிலோடு சேர்ந்துவிடும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது என்பதால் கிளிஞ்சலை மாலையில் வையுங்கள். தண்ணீர் நிழலில் இருக்கட்டும். வெந்நீராகிப்போன தண்ணீரைக் கோழி குடிக்காது.

கேள்வி (கன்னியாகுமரி): கழுத்தறுத்தான் கோழி புழுக்கத்தைத் தாங்கும் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: உண்மை. கழுத்தில் இறகில்லாத கோழி அது; பார்க்க அழகில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். கழுத்தை வெறுமையாக்கும் மரபணு ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் (ஒற்றை) உடம்பின் இறகு சுமார் 20 சதவீதம் குறையும். இரு பக்கமும் வந்தால் (இரட்டை) 40 சதவீதம் வரை. மரபணு ஓங்கு தன்மை கொண்டது, அதாவது ஒரு பக்கம் வந்தாலே வெளியே தெரியும் என்பதால் இரட்டைச் சேவலை நாட்டுப் பெட்டைகளோடு விட்டால் குஞ்சு எல்லாமே வெறுங்கழுத்தாகப் பிறக்கும். ஒற்றைச் சேவல் என்றால் பாதிதான். வாங்கும்போது முன்கழுத்தைப் பாருங்கள்: கீழே சிறு இறகுக் கொத்து இருந்தால் ஒற்றை, வழுவழுவென்று இருந்தால் இரட்டை.

இறகு குறைவு என்பதால் குஞ்சுக்குக் குளிர் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரித்தால் முதல் மூன்று வாரம் மற்றக் குஞ்சுகளைவிடக் கூடுதல் கதகதப்பு கொடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): முட்டைக்கும் கறிக்கும் கடக்நாத் கோழி ஆகுமா?

பதில்: கறுப்புக் கறிக்கு விலை உண்டு, முட்டை குறைவு. நீங்கள் கேட்கும் இரட்டைப் பயனுக்கு அது ஆகாது.

கேள்வி (சீர்காழி): வனராஜா முட்டையையே அடை வைத்துக் குஞ்சு எடுக்கலாமா?

பதில்: பொரிக்கும், ஆனால் தாயைப் போல வராது. அது கலப்பினம், அடுத்த தலைமுறையில் எடையும் முட்டையும் தாறுமாறாகச் சிதறும். பெட்டையும் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதைவிட, 8 – 10 சிறுவிடைப் (சிறிய நாட்டுக்கோழி) பெட்டைக்கு ஒரு கிராமப்பிரியாச் சேவலை விடுங்கள். சிறுவிடையே 10 – 12 முட்டையை அடைகாத்து வளர்த்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள். மகளோடு அப்பன் சேர விடக்கூடாது.

கேள்வி (வேதாரண்யம்): தடுப்பூசி எல்லாம் போட்டும் மழையில் ரத்தக் கழிச்சலில் குஞ்சு சாகிறதே?

பதில்: நீங்கள் போட்டவை வேறு நோய்களுக்கு. 7ஆம் நாள் லசோட்டா (வெள்ளைக் கழிச்சலுக்கு), 14இல் கம்போரோ நோய்த் தடுப்பூசி, 28இல் மீண்டும் லசோட்டா, 8ஆம் வாரம் ஆர்2பி (இதுவும் வெள்ளைக் கழிச்சலுக்கு): இவற்றில் எதுவும் ரத்தக் கழிச்சலைத் தடுக்காது. அதன் கிருமிமுட்டை, கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம் ஈரமானால்தான் முதிரும். கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். முதலில் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் நனையும். அங்கே உள்ளதை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த உமியோ நிலக்கடலைத் தோலோ போடுங்கள். தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கழிச்சலில் ரத்தம் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுங்கள். நோய் வந்த குஞ்சு தீனி தின்னாது, தண்ணீர் மட்டும் குடிக்கும்.