ஒரு டைரி, மூன்று கணக்கு

கேள்வி: போன ஜனவரியில் நாளுக்கொரு பக்கம் உள்ள டைரி ஒன்று வாங்கி மூன்று தீர்மானங்கள் எழுதினேன். தினமும் 500 வார்த்தை எழுதி மாதம் ஒரு சிறுகதை முடிப்பது. என் வலைப்பூவில் வாரம் இரண்டு பதிவு போடுவது. வீட்டுச் செலவை ஒரு ரூபாய் விடாமல் எழுதி, மாதம் 5,000 மிச்சம் பிடிப்பது. தினமும் மூன்று கட்டம் போட்டு டிக் அடித்து வந்தேன். பிப்ரவரியில் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. கணக்கில் வேறு 340 ரூபாய் இடித்தது. மார்ச் 3க்குப் பிறகு டைரி காலி. மிச்சம் பிடித்த பணமும் ஜூனில் ஸ்கூல் பீஸோடு போய்விட்டது. 'கணக்கு எழுதி என்னத்தைக் கண்டாய்?' என்று கணவர் சிரிக்கிறார். எனக்கு ஒழுங்கே வராதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த 340 ரூபாயைத் தீர்த்துவிடலாம். பூ, ஆட்டோ, பையனுக்கு இளநீர் என்று எதிலாவது போயிருக்கும். கணக்கு நோட்டில் 'மறந்தது' என்று ஒரு வரி வைத்து, அதில் 340 எழுதி அன்றே மூடியிருக்க வேண்டும். அந்த வரி மாதாமாதம் ஆயிரத்தைத் தாண்டினால் அப்போது யோசிக்கலாம். வங்கிக் காசாளருக்குத்தான் ராத்திரி பைசா சுத்தமாகக் கணக்கு நேராக வேண்டும். உங்களுக்கு இல்லை.

ஒழுங்கு வராதவர் இரண்டு மாதம் தினமும் மூன்று கட்டம் போட்டிருக்க மாட்டார். கோளாறு கட்டத்தில் இருக்கிறது. கதை, பதிவு, காசு மூன்றும் மூன்று விதமான ஓட்டம். அவற்றை ஒரே பக்கத்தில் கட்டிப் போட்டதால் ஒன்று படுத்தபோது மூன்றும் படுத்துவிட்டன.

எழுத்தைக் கணக்கு வைத்து எழுதியவர்களில் பேர் பெற்றவர் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப். தபால் துறையில் உத்தியோகம். விடியற்காலை 5.30க்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். எத்தனை பக்கம் ஆயிற்று என்பதை நாள்தோறும் குறித்து வைப்பார். எழுதாத நாளும் அதில் தெரியும். 1883இல், அவர் இறந்த மறு வருடம் வெளிவந்த தன்வரலாற்றில் இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைச் சொல்லி எழுதுகிறவர்களை விரட்டுவது பலருக்கு வழக்கம். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு விவரமும் உண்டு: அவரைக் காலையில் எழுப்பிக் காபி கொண்டுவந்து கொடுக்க ஒரு வேலையாள் இருந்தார், அதற்கென்றே வருடம் 5 பவுண்டு கூடுதல் சம்பளம். உங்கள் வீட்டில் காலையில் காபி போடுவது யார் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே தினம் 500 என்பதை விடுங்கள். வாரத்துக்கு 1,000 வார்த்தை போதும். நாலு நாள் 250 வந்தாலும் சரி, ஞாயிறு மதியம் எல்லோரும் தூங்கும்போது 600 வந்தாலும் சரி. வாரக் கடைசியில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள். அம்மை போட்ட வாரத்தில் பூஜ்யம் என்றே எழுதி, பக்கத்தில் காரணத்தையும் போடுங்கள். 'பையனுக்கு அம்மை' என்ற இரண்டு வார்த்தை இருந்தால், ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது உங்கள் மேல் உங்களுக்கே கோபம் வராது. வாரம் 1,000 என்றால், அடித்து எழுதுவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு ஒரு கதை தேறும். வருடத்துக்கு ஆறு. முதல் வருடத்துக்கு அது தாராளம். அப்புறம், 'கதை பிரசுரமாக வேண்டும்' என்று இலக்கு வைக்காதீர்கள். அது ஆசிரியர் கையில் இருக்கிறது. 'இத்தனை கதை அனுப்பினேன்' என்பதுதான் உங்கள் கையில். அனுப்பிய தேதி, பத்திரிகை, பதில் என்று மூன்று பத்தி போதும்.

வலைப்பூவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதம் இரண்டு பதிவு. பார்வை எண்ணிக்கையை மாதம் ஒரு தடவைக்கு மேல் பார்க்காதீர்கள். பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டி, வாசகர்கள் வாக்குப் போடவும் வழி வைத்த தமிழ்மணம் திரட்டி இருந்த காலத்தில் எனக்கும் ஒரு வலைப்பூ உண்டு. எழுதிய நேரத்தைவிட எத்தனை வாக்கு விழுந்தது என்று பார்த்த நேரம்தான் ஜாஸ்தி. கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரில் 'என் வருகையை எண்ண வேண்டாம்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். நான் போட்ட அன்று என் வாசகர் வட்டம் பாதியாகிவிட்டது.

காசு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் மனதை உடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மாதம் 5,000 மிச்சம் என்று வைத்தீர்களே, வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வருகிற செலவுகளை எங்கே எழுதினீர்கள்? எழுதியிருக்க மாட்டீர்கள். தினச் செலவு நோட்டில் அவை வந்து விழுகிற நாள்தான் கண்ணில் படும். ஒரு உதாரணம் போடுகிறேன், தொகையை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கூல் பீஸ் 36,000, தீபாவளி 15,000, காப்பீட்டு பிரீமியம் 14,400, அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டும் சொத்து வரி இரண்டும் சேர்த்து 2,400, வண்டி இன்ஷூரன்ஸ் 1,800. கூட்டினால் 69,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,800. நீங்கள் மிச்சம் என்று நினைத்த 5,000 மிச்சமே இல்லை, ஜூனுக்குப் போக வேண்டிய பணம். ஜூனில் அது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. உங்கள் கணவருக்கு இந்தக் கூட்டலைக் காட்டுங்கள். அந்த மீதி 800க்கு வழி சொல்ல வேண்டியது அவர் முறை.

இந்தப் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, சம்பளம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள். மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி. போடலாமா என்று தோன்றும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத்துக்கானது. நடுவில் தீபாவளிக்கு எடுக்க அது தோதில்லை. உண்மையான சேமிப்பு என்று 500 ரூபாய் மிஞ்சினால் அதை வேண்டுமானால் அங்கே போடுங்கள்.

தினமும் எழுதும் வேலையையும் பாதியாக்கலாம். போனில் ஸ்கேன் செய்து கொடுப்பதெல்லாம் வங்கிக் கணக்கில் தானாகவே பதிவாகிறது. ஆனால் அதில் கடைக்காரர் பெயர்தான் இருக்கும். சோப்பு வாங்கினோமா சமோசா வாங்கினோமா என்று இருக்காது. ஆகவே வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம், அந்தப் பட்டியலைப் பார்த்து மளிகை, காய்கறி, மருந்து, வெளிச்சாப்பாடு என்று நாலைந்து தலைப்பில் கூட்டிவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததை மட்டும் அன்றன்று குறித்தால் போதும். இன்னொன்று, போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். நம் ஊரில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவதால், ஒரு மாதம் எப்போதும் குண்டாகத்தான் தெரியும். இரண்டிரண்டு மாதமாகச் சேர்த்துப் பாருங்கள்.

என் மாமியார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் மாட்டியிருப்பார். பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். வேறு எதுவும் எழுதியதில்லை. பால்காரர் கணக்குக் கேட்டு வரும்போது மாமியார் அந்தப் பெருக்கல் குறிகளைத்தான் எண்ணுவார். சிலிண்டர் இந்தத் தடவை நாலு நாள் முன்னாலேயே தீர்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து, யார் வெந்நீர் போட்டுக் குளித்தது என்று வீட்டையே விசாரிப்பார். கேட்க ஒரு கேள்வி இருந்ததால்தான் அவர் குறித்து வைத்தார். நீங்கள் குறிக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை நிறுத்திவிடுங்கள்.

புது வருடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வருகிற ஞாயிறே தொடங்கலாம். வாரக் கணக்குக்கு மாதக் காலண்டரே போதும். அந்த ஜனவரி டைரியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மார்ச் 4இலிருந்து முந்நூறு பக்கம் வெள்ளையாக இருக்கிறது. தேதியைப் பார்க்காமல் கதையை அதிலேயே எழுதுங்கள்.