பெண்ணுக்குப் பெண் எதிரியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெண்கள் அனைவரும் சகோதரிகள் என்று மேடைகளில் பேசக் கேட்கிறேன். ஆனால், எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது முதலில் விலகிப்போனவர், என்னோடு ஒன்றாகப் பணியில் சேர்ந்த தோழிதான். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்ற பேச்சு உண்மைதானோ?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால், அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். பதவிக்காக இரண்டு ஆண்கள் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் அதை அலுவலக அரசியல் என்று சொல்லிவிட்டுப் போகிற உலகம், அதையே இரண்டு பெண்கள் செய்தால் பெண்குலத்தின் இயல்பு என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. உயர்பதவிகளில் பெண்களுக்கென்று ஒரே ஓர் இடம்தான் என்ற நிலை இருக்கும்வரை, ஒருவரின் உயர்வு மற்றவருக்குத் தம் வாய்ப்பு பறிபோனதாகவே படும். உங்கள் தோழியின் மனத்தாங்கலில் பாதியாவது அந்தக் கணக்கினால் வந்ததாக இருக்கலாம்.

சகோதரித்துவம் என்றால் எல்லாரும் எல்லாரையும் நேசிப்பது என்று எண்ணிக்கொள்வதால்தான் ஏமாற்றம் வருகிறது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெண்கள் சம்பள வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். அவர்கள் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். வெவ்வேறு அரசியல் சார்புடையவர்கள். வேலைநிறுத்தம் என்று அழைப்பதில் சிலருக்கு உடன்பாடில்லாததால், 'பெண்களின் விடுமுறை நாள்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஒன்று திரண்டார்கள். மறு ஆண்டே பாலினச் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தில் யாருக்கு யாரைப் பிடித்திருந்தது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

தனிப்பட்ட நட்பு வேறு. அதற்கு நான் சங்கப் பாடல்களின் தோழியையே அளவாகக் கொள்வேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 261 அடிகளும் அவளுடைய பேச்சுதான். தலைவி மறைத்து வைத்து மெலிந்துபோகும் காதலை, சினம் கொள்ளவேண்டாம் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டு, செவிலித்தாயிடம் அவள் எடுத்துரைக்கிறாள். தனக்கு ஒரு பயனும் இல்லாத காரியத்துக்காக ஏச்சு வாங்கவும் துணிந்தவள் அவள். அப்படியொருவர் வாழ்நாளில் ஓரிருவர் வாய்த்தாலே பெரிது.

எனவே, உங்கள் தோழியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பாராட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடுத்த வாய்ப்புக்கு அவர் பெயரை முன்மொழியும் எண்ணம் உங்களுக்கு மெய்யாகவே இருந்தால், அதைச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் விலகியே இருந்தால் விட்டுவிடலாம். அவருடைய தகுதிக்காகக் கூட்டங்களில் குரல் கொடுப்பதற்கு அவருடைய நட்பு தேவையில்லை.

கேள்வி: உடன்பிறந்த அக்காவிடம் சொல்ல முடியாதவற்றைத் தோழியிடம் சொல்லிவிடுகிறேன். இது அக்காவுக்குச் செய்யும் துரோகமா?

பதில்: இல்லை. குடும்ப விவகாரங்கள் பலவற்றில் அக்காவும் ஒரு தரப்பு. தோழிக்கு அந்தச் சிக்கல் இல்லாததால் அவரிடம் மனம் திறப்பது எளிதாகிறது. ஆனால், அக்காவைப் பற்றிய குறை என்றால் அதை அக்காவிடமே சொல்லுங்கள். மூன்றாம் ஆள் வழியாக அது அவர் காதுக்கு எட்டினால், பிறகு விளக்கம் சொல்லி மாளாது.