இலவச காபி மெஷின்: 600 பேருக்குப் போதுமா?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் காலணியின் மேற்பகுதி தைக்கும் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். ஒரே ஷிப்டில் 600 பேர் வேலை செய்கிறார்கள். காலை, மாலை இடைவேளைகளில் காபி கொண்டுவந்து கொடுத்த கேன்டீன்காரர் விலகிவிட்டதால், மெஷின் வைக்கலாம் என்று நிர்வாகம் கருதுகிறது. ஒரு ஏஜென்ட், பவுடரைத் தம்மிடமே வாங்கினால் இரண்டு மெஷின்களை இலவசமாகத் தருவதாகவும், நாளொன்றுக்கு 1,200 கப் தாராளமாக வரும் என்றும் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: நாளொன்றுக்கு 1,200 கப் என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஆட்கள் நாள் முழுவதும் ஒவ்வொருவராக வந்து காபி குடிப்பதில்லை. மணி அடித்ததும் 600 பேரும் ஒன்றாக எழுந்து வருகிறார்கள், பதினைந்து நிமிடத்தில் தையல் மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அந்தப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை கப் சூடாக வரும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதை எந்த ஏஜென்டும் தாமாகச் சொல்வதில்லை.

கணக்கு எளியது. ஒரு கப்புக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரை 90 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் ஹீட்டருக்குச் சுமார் 12 விநாடி பிடிக்கும். அதாவது நிமிடத்துக்கு ஐந்து கப். மெஷினின் முகப்பில் இரண்டு குழாய் இருந்தாலும் நான்கு இருந்தாலும் உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒன்றுதான் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. பதினைந்து நிமிடத்துக்கு 75 கப். பாய்லரில் ஏற்கெனவே காய்ந்து நிற்கும் மூன்று லிட்டரில் இன்னும் 30 கப். ஆக ஒரு மெஷினுக்கு நூறு கப் என்று கொள்ளுங்கள். இரண்டு மெஷின் 200 பேருக்குக் காபி தரும். மீதி 400 பேருக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சரியாகக் கரையாத பவுடரைத் தரும்.

இதற்காக ஆறு மெஷின் வாங்க வேண்டியதில்லை. கட்டிங், தையல், பினிஷிங் பிரிவினரை இருநூறு இருநூறு பேராகப் பிரித்து, இருபத்தைந்து நிமிட இடைவெளியில் இடைவேளை விட்டால், அதற்குள் பாய்லர் மீண்டும் சூடேறிவிடும். இரண்டு மெஷின் போதும், பழுதுக்கு மாற்றாக மூன்றாவது ஒன்று இருந்தால் நிம்மதி. மணியை மாற்றச் செலவில்லை. ஆனால் உற்பத்திப் பிரிவும் நிர்வாகப் பிரிவும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்பதாலேயே பல ஆலைகள் அதைச் செய்யாமல் கூடுதலாக மெஷின் வாங்குகின்றன.

இனி அந்த 'இலவசம்'. பிரீமிக்ஸ் பவுடர், அதாவது காபியுடன் பால் பவுடரும் சர்க்கரையும் முன்பே கலந்து வரும் பவுடர், ஒரு கப்புக்கு ஏறத்தாழ 13 கிராம் செலவாகும். 1,200 கப்புக்கு நாளொன்றுக்கு 15.6 கிலோ, மாதம் 26 வேலை நாளுக்கு 405 கிலோ. இலவச மெஷினுக்காக அவர் பவுடரில் கிலோவுக்கு 60 ரூபாய் மட்டும் கூடுதலாக வைத்தாலும், மாதம் 24,000 ரூபாய்க்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 லட்சம் ரூபாய் நீங்கள் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். மெஷினோ கடைசிவரை அவருடையது. எனவே அதே தரப் பவுடரைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்பதை வெளியில் விசாரித்து, கப் ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒப்பிடுங்கள். உங்கள் கொள்முதல் பிரிவு மூன்று கொட்டேஷன் வாங்கி, மெஷின் விலை பூஜ்யம் என்று எழுதியவரை முதலிடத்தில் வைக்கும். மெஷின் விலைக்குத் தனிக் கட்டம் போட்டு, கப் விலைக்குக் கட்டமே போடாத படிவத்தை வைத்துக்கொண்டு அவர்களும் வேறென்ன செய்ய முடியும்? கப் விலைக்கான கட்டத்தை நீங்களே கையால் கோடு போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

கிலோவுக்கு 100 கப் வரும் என்று சொன்னால், அது ஒரு கப்புக்கு 10 கிராம் என்று பொருள், காபி நீர்த்திருக்கும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எத்தனை கிராம் விழுகிறது என்பதைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் சர்க்கரை என்றிருந்தால் நீங்கள் காபி விலைக்குச் சர்க்கரை வாங்குகிறீர்கள். சிக்கரி கலந்த காபியில் சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இலவச மெஷின் ஒரே ஒரு சூழலில் பொருந்தும். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த விலக்கைக் காட்டித்தான் எல்லோரையும் மடக்குகிறார்கள். ஒரு பெரிய ஏற்றுமதி ஆர்டருக்காக நான்கு மாதம் மட்டும் வாடகை ஷெட் எடுத்து ஆள் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், அங்கே மெஷின் வாங்கி வைப்பது வீண். இலவச மெஷினே சரி. அப்போதும் மாதம் இத்தனை கிலோ கட்டாயம் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. பவுடர் விலை அந்த நான்கு மாதமும் மாறாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்பில் மெஷினைத் திருப்பித் தரும் உரிமை உங்களுக்கு வேண்டும். தேதி போடாத காசோலை கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. நிரந்தர ஆலைக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்: தண்ணீரால் ஏற்படும் பழுது பராமரிப்பில் அடங்காது. பாலாற்றுப் படுகையில் இருந்துகொண்டு இதில் கையெழுத்துப் போடுவது, பராமரிப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். தோல் தொழிற்சாலைக் கழிவு இங்கே நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து எண்ணை எழுதி வையுங்கள். கடினத் தண்ணீரில் ஹீட்டரைச் சுற்றி உப்பு கட்டும். சூடேறும் நேரம் கூடும். நான் மேலே சொன்ன 12 விநாடிக் கணக்கு தவறிப்போகும். வாலாஜா பக்கம் ஓர் ஆலையில் நான் பிரித்துப் பார்த்த ஹீட்டரில் விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இருந்தது. ஏஜென்டோ மின்னழுத்தம் போதவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லி வந்திருந்தார். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் கொடுங்கள். ஆனால் உப்பை அறவே நீக்கிவிட்டால், தண்ணீர் மட்டத்தை மின்கடத்தல் மூலம் அறியும் சென்சார் உள்ள மெஷின்கள் தண்ணீர் இல்லை என்று எண்ணி நின்றுவிடும் என்பதையும் ஆர்.ஓ. பொருத்துபவரிடம் சொல்லிவிடுங்கள்.

பச்சைப் பால் ஊற்றும் மெஷின் உங்களுக்கு வேண்டாம். பால் குழாயைத் தினமும் கழுவ ஆள் கிடைக்காது. பிரீமிக்ஸ் மெஷினிலும் பவுடர் கலக்கும் கிண்ணத்தை நாள்தோறும் கழுவ ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் பவுடர் கட்டிதட்டி வழியை அடைப்பது இங்கே வழக்கம். 2 கிலோவாட் மெஷின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். எர்த் உள்ள தனித்தனி 16 ஆம்பியர் பிளக் கொடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

கப்பையும் நாங்களே தருவோம் என்பார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை இருந்தும் அது எல்லாக் கடைகளிலும் கிடைப்பது வேறு கதை. எவர்சில்வர் டம்ளர் கொடுத்துவிடுங்கள். உங்கள் டம்ளர் குழாயின் கீழ் நுழையும் அளவுக்கு உயரம் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே அளந்து பாருங்கள்.

கையெழுத்துப் போடுமுன், உங்கள் ஆலையில், உங்கள் தண்ணீரில், நிறுத்தாமல் அறுபது கப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் கப்பையும் அறுபதாவது கப்பையும் தெர்மாமீட்டரால் அளந்து, இரண்டு எண்களையும் கொட்டேஷனின் மேலேயே எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.