கேபினெட் இல்லாமல் ஆர்கேட் போர்டு வாங்கலாமா?

கேள்வி: 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வீடியோ கேமின் அசல் ஆர்கேட் போர்டு (காசு போட்டு ஆடும் கேம் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் சர்க்யூட்) ஒன்று ஜப்பான் ஏலத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது. 'ஜங்க்' என்று குறித்திருக்கிறார்கள். அதை மாட்டும் கேபினெட், அதாவது திரையும் ஜாய்ஸ்டிக்கும் உள்ள பெரிய பெட்டி, வைக்க வீட்டில் இடமில்லை. போர்டை மட்டும் வாங்கி டிவியில் விளையாட முடியுமா?

பதில்: தாராளமாக விளையாடலாம். அது ஜாமா போர்டு, அதாவது ஆர்கேட் போர்டுகளுக்கான பொதுவான இணைப்பு முறையில் செய்தது; 56 முனை கொண்ட ஒரே இணைப்பு வழியாகக் கரண்ட், படம், ஒலி, ஜாய்ஸ்டிக் எல்லாம் போகும். கேபினெட்டுக்குப் பதிலாக அந்த இணைப்பில் மாட்டும் பெட்டிக்கு சூப்பர்கன் என்று பெயர். ஆனால் ஜாமாவில் ஆளுக்கு மூன்று பட்டன்தான் வழக்கம். இந்த விளையாட்டின் மூன்று உதைகளும் போர்டில் இருக்கும் தனி கனெக்டரிலிருந்து வருகின்றன. அதற்கான வயர் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் குத்து மட்டும்தான் விடலாம்!

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பவர் சப்ளை. போர்டை மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டரில் 5 வோல்ட்டைப் பாருங்கள், மாட்டிய பிறகு போர்டின் விளிம்பிலும் இன்னொரு முறை பாருங்கள். 5.25-ஐத் தாண்டினால் சிப்புகளுக்கு ஆபத்து. 4.75-க்குக் கீழே போனால் விளையாட்டு பாதியில் தொங்கும், நீங்களோ போர்டு பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். இணைப்பைத் தலைகீழாகச் செருகிவிட்டால் அதோடு கதை முடிந்தது.

படம் 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்ஜிபி சிக்னலாக (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) வரும். ஸ்கார்ட் என்ற சாக்கெட் உள்ள பழைய ஐரோப்பிய டிவி அதை ஏற்கும், ஆனால் சிக்னலின் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டர்கள் சூப்பர்கன்னில் இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள டிவி என்றால் ஓஎஸ்எஸ்சி போன்ற கன்வெர்ட்டர் தனியாக வேண்டும், அதுவே நல்ல செலவு. ஒலி ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டும் அளவில் வருவதால் அப்படியே டிவியில் செருகாதீர்கள்.

சரி, ஜங்க் விஷயம். அப்படிக் குறித்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திருப்பித் தர முடியாது என்றுதான் பொருள். சால்டரிங் தெரியாதவர் தொட வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும், அதே போர்டில் விளையாட்டு ஓடும் படத்தைக் காட்டுபவரிடம் வாங்குங்கள். இந்த விளையாட்டுக்குக் கள்ள நகல்களும் ஏராளம். சிப்புகள் தெரியும்படி போர்டின் இரு பக்கப் படமும் கேளுங்கள்.

அப்புறம், இதோடு நிற்காமல் அதே கேப்காம் நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட சிபிஎஸ்-2 வகை போர்டுகள் பக்கம் போனால், பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்காமல் வாங்காதீர்கள். அது தீர்ந்தால் உள்ளே இருக்கும், பூட்டிய புரோகிராமைத் திறக்கும் ரகசியத் திறவுகோல் அழிந்து விளையாட்டே தொடங்காது.